ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கு என்ன விஞ்ஞானம் வேண்டும்?

(பாசிக்குடாவில் நடந்த தோட்டப் பெற்றோர் – ஆசிரியர் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தருகிறோம்.)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். எப்போது கடலில் இறங்குவோம் என்ற அவசரம் பிள்ளைகள் முகத்தில் தெரிகிறது. பெரியவங்க முகத்திலயும் தெரியுது. ஆகவே கனக்கப் பேசமாட்டேன்.

நாலாம், ஐந்தாம், ஆறாம் தரங்களில் படிக்கிற நம்முடைய பிள்ளைகள் விஞ்ஞானத்தில் எதைக் கற்க வேண்டும்? இதைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். பாடத்திட்டத்தை நான் இங்கே வாசிக்கப் போவதில்லை. ஆசிரியர்கள் கையில் வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990களின் கடைசியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு ஆரம்ப வகுப்புகளுக்குச் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று ஒரு பாடம் வந்தது. விஞ்ஞானம் தனிப் பாடமாக வருவது ஆறாம் தரத்தில்தான். அந்தப் பாடத்தின் பெயரைக் கவனியுங்கள். ‘செயற்பாடுகள்’ என்றால் செய்து பார்ப்பது. நடப்பது என்ன? ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. பிள்ளை விடியமுதல் எழும்பி மாதிரி வினாத்தாளைப் பாடமாக்குகிறது. தாவரத்தின் பகுதிகள் எத்தனை, புலன்கள் எத்தனை, எல்லாம் எண்ணிக்கை. புலமைப்பரிசில் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஒரு ஏணி. ஆனால் ஒரு பிள்ளை ஒரு மழைத்துளியைக்கூட அளக்காமல் ‘மழைமானி’ என்று எழுதி ஒரு புள்ளி வாங்குவதை விஞ்ஞானம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அளப்பதிலிருந்தே தொடங்குவோம். என்னைக் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைக்கு முதலாவது விஞ்ஞானம் அதுதான்.

ஒரு வெறும் பால்மா டின் எடுங்கள். அடி தட்டையாக, பக்கம் நேராக இருக்க வேண்டும். லயத்துக் கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, வெட்டவெளியில் ஆடாமல் வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தை நேராக உள்ளே விட்டு எத்தனை மில்லிமீற்றர் தண்ணீர் என்று பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். (பள்ளிக்கூட அடிமட்டத்தில் பூச்சியம் ஓரத்திலிருந்து தொடங்காது, கொஞ்சம் உள்ளேதான் தொடங்கும். அந்த வித்தியாசத்தைக் கூட்டப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கோ.) பெரிய டின்னா, சின்ன டின்னா என்று கேட்பீர்கள். பக்கம் நேராக இருந்தால் எதுவும் சரி. பெரிய டின்னில் கூடத் தண்ணீர் விழும். ஆனால் அது பரந்து நிற்கும். உயரம் ஒன்றுதான். வாளி மட்டும் கூடாது. அதற்கு வாய் அகலம், அடி ஒடுக்கம். பெய்ததைவிடக் கூடவாகக் காட்டும். ஏன் என்று பிள்ளையே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அந்த ஒரு ‘ஏன்’ பத்து வினாத்தாளுக்குச் சமம்.

இது விளையாட்டு இல்லை. மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையைத்தான் கணக்கில் எடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து, மழை இன்னும் விடாமல் இருந்தால் கவனமாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் மட்டும் 75 பெய்தால், ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். இந்த மூன்று இலக்கங்களையும் பத்து வயதுப் பிள்ளை ஒரு டின்னும் அடிமட்டமும் வைத்து விளங்கிக்கொள்ளலாம். மலையில் ஒரு பக்கம் பெய்கிற மழை அடுத்த டிவிஷனில் பெய்யாது. உங்கள் லயத்துக்கு மேல் பெய்ததை உங்கள் டின்தான் சொல்லும். அதற்காக, கிராம அலுவலர் வந்து ‘வெளியேறுங்கள்’ என்று சொல்லும்போது டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். உடனே போய்விடுங்கள்.

மழை மண்ணை எப்படிச் சரிக்கிறது? ஒரு பலகையில் மண்ணைக் குவித்துச் சாய்த்து வையுங்கள், நிற்கும். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். பாரம் கூடும், மண் துணிக்கைகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்து பிடிப்பைக் குறைக்கும், ஒரு கட்டத்தில் மொத்தமாக வழுக்கும். கான் வெட்டுகிறவர்களுக்கு இது தெரியாத விசயமா? கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாது. அப்பா கையால் செய்கிற வேலை வேறு, புத்தகத்தில் இருக்கிற விஞ்ஞானம் வேறு என்று பிள்ளை நினைக்கிறது. இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

அடையாளங்களையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நிலத்தில் அல்லது சுவரில் புதிதாக வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரமும் தூணும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, வழக்கமாக ஓடுகிற பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவது யார்? அநேகமாகப் பிள்ளைதான். பிள்ளை வந்து ‘அம்மா, தண்ணி சேறா வருது’ என்று சொன்னால், ‘சரி, தெளிஞ்சதும் எடு’ என்று சொல்லிவிடக் கூடாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் மலைநாடு பட்டபாட்டை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘தெரிஞ்சு என்ன சேர், போக இடம் வேணுமே’ என்று ஒரு அக்கா காலையில் என்னிடம் சொன்னார். நியாயம். பாதுகாப்பான காணி கொடுக்க வேண்டியது பாடசாலை இல்லை, பிள்ளையும் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. ஆனால் ஒரு இரவுக்கு ஓடித் தப்ப வேண்டிய நேரம் எது என்பதை அறிவுதான் சொல்லும்.

இப்போது நீங்கள் நிற்கிற இந்தக் கரைக்கு வருவோம். பாசிக்குடாக் கடல் பார்க்க ஏரி மாதிரி. கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். வெளியே இருக்கிற பவளப்பாறை அலையின் வேகத்தை உடைத்துவிடுகிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையும் அடிபட்டது. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆள் இருக்கவில்லை.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் தீவில் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, ரில்லி சிமித் என்று பெயர், கடல் நுரைத்து விலகுவதைக் கண்டு ‘இது சுனாமி’ என்று பெற்றோரிடம் அடம்பிடித்தாள். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் வகுப்பில் ஆசிரியர் அதைப் படிப்பித்திருந்தார். அந்தக் கரையில் ஏறக்குறைய நூறு பேர் தப்பினார்கள். அவளுடைய வயதுதான் நம்முடைய ஐந்தாம் தரத்துப் பிள்ளையின் வயது. இந்தோனேசியாவின் சிமலூ தீவில் பள்ளிக்கூடப் பாடம்கூட இல்லை. 1907இல் வந்த அலையைப் பற்றிப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வைத்திருந்தார்கள். நிலம் பலமாக நடுங்கியதும் சனம் மேட்டுக்கு ஓடியது. நடுக்கத்தின் மையத்துக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் அங்கே இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘கடல் உள்வாங்கினால் சுனாமி’ என்று மட்டும் பாடமாக்கினால் போதாது. தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் விலகியது. இலங்கைப் பக்கம் முதலில் வந்தது உயர்ந்த நீர்தான். விலகியது அதற்குப் பிறகு. விலகிய கடலைப் பார்க்கப் போனவர்களைப் பின்னால் வந்த பெரிய அலை கொண்டுபோனது. பெரலியவில் முதல் அலைக்கு நின்ற ரயிலை அடுத்த அலை புரட்டியதில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுனாமி என்பது ஒரு அலை இல்லை, வரிசையாக வருவது. முதலாவதுதான் பெரியது என்று இல்லை. ஒற்றை வாக்கியத்தை மனப்பாடம் செய்வதற்கும் விளங்கிப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எல்லாம் ஆபத்துப் பற்றியே பேசிப் பிள்ளைகளைப் பயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆசைக்கும் விஞ்ஞானம் வேண்டும். மேலே தோட்டத்தில் இறுக்கி மூடிய வெறும் பிளாஸ்ரிக் போத்தல் உங்கள் பையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நசுங்கி இருக்கும். கீழே வர வரக் காற்றின் அமுக்கம் கூடுகிறது. பஸ்ஸில் காது அடைத்ததற்கும் அதுதான் காரணம். நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே பருப்பு அவிய நேரம் எடுக்கும், விறகும் கூடச் செலவாகும். அம்மாவின் அடுப்படியே ஆய்வுகூடம்.

அடுப்படி என்றதும் ஒன்று. நாங்கள் சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிக்கிறோம். தேயிலையில் இருக்கிற தனின், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுக்கவிடாமல் தடுக்கும். தேசிக்காய் விட்டால் கூட எடுக்கும். தேயிலை பறிக்கிற கைகளுக்கு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் குடிக்க வேண்டாமென்று சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். வயதுக்கு வரப்போகிற பெண்பிள்ளைகள் படிக்கிற வகுப்பு இது. ஆகவே இந்தப் பாடம் ஆறாம் தரத்துக்குள் வந்தாக வேண்டும்.

குளவியையும் விடக் கூடாது. பெருந்தேனீயையும் குளவியையும் நாம் ஒரே பெயரில்தான் சொல்கிறோம். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், அதை உடனே சுரண்டி எடுக்க வேண்டும். குளவி தன் கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டிய இடத்திலிருந்து வருகிற மணம் மற்றவற்றைக் கூப்பிடும். ஆகவே நின்று அடிக்காமல் தூர ஓட வேண்டும். மலையில் இந்தப் பாடம் வேறு எங்கேயும் விட முக்கியம்.

ஆசிரியர்கள் ‘உபகரணம் இல்லை’ என்பார்கள். நான் இதுவரை சொன்னதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது அடிமட்டம் ஒன்றுதான். உபகரணத்தைவிடக் கஷ்டமானது, பிள்ளை கேட்கிற கேள்விக்கு ‘எனக்குத் தெரியாது, பார்ப்போம்’ என்று சொல்வது. எங்கள் மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950களில் லாங் அடிகளார் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவே செய்தார். எந்த உயிர் அந்தச் சத்தத்தைப் போடுகிறது என்பதில் இன்றைக்கும் மீன் என்பார் ஒருவர், சிப்பி என்பார் இன்னொருவர். பழைய ஆட்கள் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். தண்ணீரும் மரமும் சத்தத்தை நன்றாகக் கடத்தும். பீப்பாத் தண்ணீருக்குள் இரண்டு கல்லைத் தட்டி, ஒரு தடியைக் காதில் வைத்துப் பிள்ளைகள் கேட்டுப் பார்க்கலாம்.

டின் வைப்பதை இந்த மாதமே தொடங்கலாம். ஒவ்வொரு லயத்திலும் ஒரு பிள்ளை, ஒரு கொப்பி. கிழமைக்கொருமுறை ஆசிரியர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆறு மாதக் கணக்கை இந்த மடலுக்கு அனுப்பினால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் ஒரு தம்பி கனநேரமாகக் கை தூக்கிக்கொண்டு இருக்கிறார். சொல்லுங்கோ தம்பி, என்ன கேள்வி?