லட்டுவுக்கு ஒரு பெல்ட்

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பத்தி ஒரு மணி நேரம் பேசி உங்களைத் தூங்க வெச்சுட்டேன்னு நிறைய பேர் சொன்னீங்க. அதனால இன்னிக்கு கம்ப்யூட்டரே கிடையாது. குதிரை. இன்னும் சரியா சொன்னா, குதிரையோட வயித்தைச் சுத்திக் கட்டுற பட்டை.

நான் பெருங்குடியில வேலை பாக்கிறேன். ஜன்னல் வழியா பாத்தா ஒரு பக்கம் சதுப்பு நிலம், ஒரு பக்கம் ஓஎம்ஆர் டிராஃபிக். சனிக்கிழமை காலையில அக்கா பொண்ணை ஈசிஆர் பக்கம் ஒரு ரைடிங் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறது என் டியூட்டி. அவளுக்கு ஒன்பது வயசு. அங்க அவளுக்குக் கொடுத்த போனி பேரு லட்டு. பேருக்கு ஏத்த உடம்பு. மெரினாவுல, பெசன்ட் நகர்ல நீங்க பாத்திருக்கிற குதிரைகள்ல பாதி விலா எலும்பு தெரியிற மாதிரி இருக்கும். லட்டு அதுக்கு நேர் எதிர். மேல இருந்து பாத்தா பீப்பாய் மாதிரி இருக்கும்.

ஜூன் மாசம் ஒரு நாள், திருப்பத்துல சேணம் அப்படியே பக்கவாட்டுல சுத்திடுச்சு. பாப்பா மணல்ல விழுந்தா. ஹெல்மெட் இருந்துச்சு, கீழ மணல் இருந்துச்சு, லட்டுவும் நல்ல பிள்ளையா அங்கேயே நின்னுடுச்சு. முழங்கை சிராய்ப்போட தப்பிச்சோம். அக்காகிட்ட அன்னிக்கு சாயந்திரம் எப்படிச் சொன்னேன்னு தனி எபிசோடே போடலாம்.

அடுத்த வாரம் அங்க எடுத்த நடவடிக்கை: பட்டையை இன்னும் ரெண்டு ஓட்டை இழுத்துக் கட்டினாங்க. அதுக்கடுத்த வாரம் பாப்பா லட்டுவைத் தடவிக் கொடுத்துட்டு இருந்தவ, “மாமா, இங்க பாருங்க”ன்னா. முன்னங்கால் முட்டிக்கு மேல, உடம்போட ஒட்டுற இடத்துக்குப் பின்னாடி, உள்ளங்கை அளவுக்கு முடி போய், தோல் செவந்து, நடுவுல புண்ணு. பட்டை உரசின இடம்.

எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா யார் மேலன்னு தெரியல. அங்க குதிரை பாத்துக்கிற பாய் முப்பது வருஷமா இதே வேலையில இருக்கிறவர். “தம்பி, லூஸா கட்டினா புள்ள விழுது, டைட்டா கட்டினா குதிரைக்குப் புண்ணு. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண?”ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. அதைத்தான் ரெண்டு வாரம் தோண்டினேன்.

முதல்ல, சேணம் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது? நான் பட்டைதான்னு நினைச்சிருந்தேன். பெரும்பாலும் குதிரையோட வடிவம்தான் அதை நிறுத்துது. கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு மேடு இருக்கும். ஒல்லியான பந்தயக் குதிரைக்கு அது கூரை முகடு மாதிரி எழும்பி நிக்கும். சேணம் அதுல ஏறி உக்காந்துக்கும். லட்டு மாதிரி உருண்டைப் போனிக்கு அந்த மேடே தெரியாது. பூசணிக்காய் மேல தட்டு வெச்ச கதை.

அடுத்த பிரச்சினை இன்னும் சுவாரஸ்யம். தொப்பை இருக்கிற மாமாக்கள் பேன்ட்டைப் பாத்திருக்கீங்களா? எவ்வளவு இறுக்கினாலும் பெல்ட் தொப்பைக்குக் கீழ இறங்கிடும். பட்டை எப்பவும் சுற்றளவு குறைஞ்ச இடத்தைத் தேடிப் போகும். போனிக்கு அந்த இடம் முன்னங்காலுக்கு நேர் பின்னாடி. வயிறு பின்பக்கமா அகலமாகிக்கிட்டே போறதால பட்டை முன்னாடி வழுக்கும், சேணத்தையும் தோள் மேல இழுத்துட்டு வரும். இறுக்கினா இது நிக்காது, அதே இடத்துல அழுத்தம்தான் கூடும். பட்டையோட அழுத்தம் நெஞ்செலும்புக்கு அடியிலதான் அதிகம்னு ரொம்ப நாளா நம்பிட்டு இருந்தாங்க. 2013-ல பிரிட்டன்ல சென்சார் வெச்சு அளந்தப்போ, உச்ச அழுத்தம் முன்னங்காலுக்குப் பின்னாடி இருக்கிற தசை மேல விழுதுன்னு தெரிஞ்சுது. லட்டுவோட புண்ணு இருந்த அதே இடம்.

ஆஸ்திரேலியாவுல பந்தயக் குதிரைகளை ட்ரெட்மில்ல ஓடவிட்டும் பாத்திருக்காங்க. பட்டை இறுக இறுக, சீக்கிரம் களைச்சுப் போச்சு.

சரி, வாங்கணும். இங்க நான் பண்ண தப்பைச் சொல்லியே ஆகணும். “12 கை உயரம்”னு போட்டு, அளவு அட்டவணை பாத்து 40 இன்ச் ஆர்டர் பண்ணேன். ஒரு கைன்னா 4 இன்ச். குதிரை உயரத்தை அப்படித்தான் சொல்வாங்க. பட்டை வந்துச்சு. ரெண்டு பக்கமும் எட்டவே இல்ல! உயரத்துக்கும் சுத்தளவுக்கும் சம்பந்தம் இல்லன்னு எஞ்சினியரிங் படிச்ச எனக்குத் தோணல.

சரியான முறை ரொம்ப சிம்பிள். சேணத்தை அதோட இடத்துல வெச்சு, ஒரு பக்கம் தொங்குற வாரோட நடு ஓட்டையில தையல்காரர் டேப்பை ஆரம்பிச்சு, வயித்துக்கு அடியில கொண்டு போய், அந்தப் பக்கம் நடு ஓட்டை வரைக்கும் அளக்கணும். லட்டுவுக்கு வந்தது 46. நடு ஓட்டை ஏன்னா, உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் ரெண்டு பக்கமும் இடம் வேணும்.

வடிவம்தான் முக்கியம். நேர் பட்டை வேண்டாம். முன்னங்கால் பின்னாடி வர்ற இடத்துல உள்வாங்கி வெட்டின மாதிரி, நடுவுல அகலமா இருக்கிறது வாங்கினோம். கால் மடங்க இடம் கிடைக்கும், நடு அகலத்துல அழுத்தம் பரவும். ஒரு பக்கம் மட்டும் எலாஸ்டிக் இருக்கிறதை வாங்காதீங்க, இழுவை ஒரு பக்கமாவே போகும். நியோப்ரீன் நல்லா பிடிக்கும், உருண்டை உடம்புக்கு அது பெரிய உதவி. ஆனா சென்னை வேர்வைக்கு ஒவ்வொரு தடவையும் கழுவணும். பீச் மணல் ஒட்டியிருந்தா உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கிற மாதிரிதான். நம்மளோடது கான்பூர்ல தைச்சது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு சேணம் தைச்ச ஊரு அது, இன்னிக்கும் வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க, புவிசார் குறியீடும் இருக்கு.

கட்டுற விதத்தை பாய்தான் எனக்கு சொல்லிக் கொடுத்தார். கட்டும்போது நிறைய குதிரைங்க மூச்சைப் பிடிச்சு வயித்தை உப்ப வெச்சுக்கும். அதனால மூணு தவணையா இறுக்கணும். கட்டினதும் கொஞ்சம், பத்தடி நடத்தினப்புறம் கொஞ்சம், ஆள் ஏறினதும் ஒரு தடவை. பக்கவாட்டுல ரெண்டு விரல் தட்டையா போகணும். கடைசியா முன்னங்காலைத் தூக்கி முன்னாடி இழுத்து விடணும், தோல் மடிப்பு பட்டைக்குள்ள மாட்டாம இருக்க. அதுக்கும் மேல சேணம் முன்னாடி வந்தா, வாலுக்கு அடியில போய் சேணத்தோட பின்பக்கம் மாட்டுற வார் ஒண்ணு இருக்கு. லட்டுவுக்கு இப்ப அதையும் போட்டிருக்கோம்.

ஆனா புண்ணு ஆறுற வரைக்கும் எந்தப் பட்டையும் போடக்கூடாது. இங்கதான் கொஞ்சம் சண்டை. “பஞ்சு வெச்சுக் கட்டி ஓட்டலாம்”னு அங்க சொன்னாங்க. வெட்னரி டாக்டர் கூடவே கூடாதுன்னார். அஞ்சு வாரம், ஃபீஸ் கட்டிட்டு, பாப்பா லட்டுவைக் கயித்துல பிடிச்சு நடக்க மட்டும் வெச்சோம். மத்த பெற்றோர் சில பேர் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

டாக்டர் இன்னொண்ணும் சொன்னார். நெஞ்சுச் சுத்தளவை அதாலேயே பெருக்கி, உடம்பு நீளத்தால பெருக்கி, எல்லாம் சென்டிமீட்டர்ல, 11,880-ஆல வகுத்தா தோராயமா கிலோ வரும். லட்டுவுக்கு 160, 126. கிட்டத்தட்ட 270 கிலோ! விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம், ஆனா விரல் வெச்சா தட்டுப்படணும். லட்டுகிட்ட தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு. இந்த அளவு கொழுப்பு போனிக்குக் குளம்புக்குள்ள வீக்கத்தைக் கொண்டு வரும், நிக்கவே முடியாமப் போகும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. இங்க கொழுத்தவர் கொள்ளு சாப்பிட்டேதான் இப்படி ஆனார். கூடவே வர்ற குழந்தைங்க எல்லாம் கொடுக்கிற வெல்லம். அதுல எங்க பாப்பாவும் உண்டு. வெல்லம் கட். தினமும் நடை.

போன சனிக்கிழமை பாப்பா மறுபடி ஏறினா. அதே திருப்பம், சேணம் அசையல. நான்தான் மூச்சைப் பிடிச்சுட்டு இருந்தேன். இறங்கினதும் பட்டையைக் கழட்டிப் பாத்தோம். புண்ணு இருந்த இடத்துல முடி வளந்திருக்கு, ஆனா வெள்ளையா. லட்டு காபிக்கொட்டை கலரு. அந்த இடம் மட்டும் இனிமே அப்படித்தான் இருக்கும்னு பாய் சொன்னார்.

அடுத்த வாரம் பாக்கலாம்.