பெயருக்குப் பாதுகாப்பு, குற்றத்திற்கு வெளிச்சம்

(புணே விமான் நகரில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

லோஹேகாவ் விமான நிலையத்தை ஒட்டி வளர்ந்து, அதனாலேயே பெயர் பெற்றது விமான் நகர். இதைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் எரவாடா மத்திய சிறை இருக்கிறது. மகாராஷ்டிர அரசின் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. சட்டத்துடன் முரண்பட்ட சிறாருக்கான கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. பல்லாயிரம் இளைஞர்கள் உழைக்கும் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் இருக்கின்றன. கைதி, நோயாளி, சிறுவன், ஊழியர் என ஒவ்வொருவரைப் பற்றியும் எங்கோ ஒரு கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம்? அதில் உள்ளதை யார் படிக்கலாம், யாரிடம் சொல்லலாம்? இந்தக் கேள்விதான் இன்றைய உரையின் பொருள்.

இது சமூகப் பணியில் பட்டம் பெற்றவர்களுக்கும் மனநல ஆலோசகர்களுக்கும் உரிய விவகாரம், இயக்கத்திற்கு இதில் என்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கணவனின் அடி தாங்காத பெண் காவல் நிலையத்திற்குப் போவதற்கு முன் மாதர் சங்க அலுவலகத்தின் படியேறுகிறார். மேலாளரின் தொல்லையைச் சொல்ல வழியில்லாத ஊழியர் தொழிற்சங்கத் தோழரின் எண்ணை அழைக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக்குப் பல ஊர்களில் முதல் ஆலோசனை மையம் இயக்க அலுவலகம்தான். அங்கே சொல்லப்படும் சொல்லுக்கு என்ன பாதுகாப்பு?

கோப்பு எங்கிருந்து வந்தது?

நவீன சமூகப் பணியின் வேர்களில் ஒன்று 1869இல் லண்டனில் தோன்றிய அறக்கொடை ஒருங்கிணைப்புச் சங்கம். அதன் பார்வையாளர்கள் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று விசாரித்துக் குறிப்பெழுதினார்கள். உதவிக்குத் ‘தகுதியான’ ஏழை யார், ‘தகுதியற்ற’ ஏழை யார் என்று பிரிப்பதே அந்த விசாரணையின் நோக்கம். வறுமையின் காரணத்தைச் சுரண்டலில் தேடாமல் ஏழையின் குணத்தில் தேடிய காலம் அது. ஆக, கோப்பு பிறந்தபோது அது ஏழையின் கையில் இருந்த ஆயுதம் அல்ல. ஏழையைக் கண்காணித்த கண்.

பிற்காலத்தில் சமூகப் பணி ஒரு தொழிலாக வளர்ந்தது. நாடி வருபவரின் சம்மதம், சுயமரியாதை, இரகசியக் காப்பு ஆகியவை அதன் நெறிகளாயின. இந்தியாவில் 1936இல் மும்பையில் தொடங்கப்பட்ட பள்ளியே இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம். அக்கழகம் 1984இல் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்திற்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. காவல் துறையின் கூரைக்குக் கீழே, ஆனால் காவலர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து பெண்ணின் பேச்சைக் கேட்பது என்பது அன்று பெரிய மாற்றம். காக்கிச் சட்டையிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிந்தது.

பொள்ளாச்சியும் சென்னையும்

இரகசியம் உடைந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு இரண்டு முறை பார்த்துவிட்டது.

2019இல் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வெளிவந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் அடையாளம் வெளியானது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழிந்தன, ஆட்சியும் மாறியது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த கொடுமையில் முதல் தகவல் அறிக்கையே கசிந்து கைபேசிதோறும் பரவியது. உயர் நீதிமன்றம் மீண்டும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. அந்த அறிக்கை பெண்ணையே குறைசொல்லும் தொனியில் எழுதப்பட்டிருந்ததையும் நீதிமன்றம் கண்டித்தது.

தொகை ஒன்றே, தவறும் ஒன்றே. ஒரு பெயர் கசியும்போது பாதிக்கப்படுவது அந்தப் பெண் மட்டுமல்ல. அடுத்த நாள் புகார் கொடுக்கலாம் என்று நினைத்திருந்த இன்னொரு பெண் கதவைச் சாத்திக்கொள்கிறார். குற்றவாளிக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பொள்ளாச்சியே காட்டியது. விசாரணை மூடிய அறையில் நடந்தது. சாட்சிகளின் அடையாளம் காக்கப்பட்டது. 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை என்று அரசு வழக்கறிஞர் தெரிவித்தார். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இரகசியக் காப்பு என்பது பாதிக்கப்பட்டவருக்குக் காட்டும் கருணை என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை நினைவில் கொள்ள வேண்டும். நீதி நிற்பதற்கான தூண்களில் அதுவும் ஒன்று.

இரகசியம் வேறு, மூடிமறைப்பு வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். விமான் நகரின் பக்கத்து வீடான கல்யாணி நகரில் 2024 மே 19 அதிகாலை ஒரு சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டியதாகச் சொல்லப்பட்டவன் 17 வயதுச் சிறுவன். சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது. 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. “பணக்காரப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் ஏன் மறைக்க வேண்டும்?” என்ற குரல் எழுந்தது.

கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் சரியல்ல. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு எந்தச் சிறுவனின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவின் நிழலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் எரவாடா கூர்நோக்கு இல்லத்தில் இருப்பது போன்ற ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். செல்வந்தர் மகனைத் தண்டிப்பதற்காக அதை உடைத்தால், முதலில் நனையப்போவது கூரையில்லாத பிள்ளைகள்தான். அந்த வழக்கில் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சிறுவனின் இரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் இருவர் கைது செய்யப்பட்டார்களே, அதன் பின்னால் இருந்த பணமும் செல்வாக்கும் யாருடையவை? பெயரை மறைப்பது சட்டம் தந்த உரிமை. சான்றை மாற்றுவது குற்றம். முன்னதைக் காக்க வேண்டும், பின்னதைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும்.

நிறுவனங்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதன் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. இதைக் காட்டி நிர்வாகங்கள் எல்லாவற்றையும் பூட்டிவைக்கின்றன. ஆனால் அதே பிரிவு, அடையாளம் தெரியாதபடி, கிடைத்த நீதியைப் பற்றிய தகவலை வெளியிட அனுமதிக்கிறது. எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தீர்க்கப்பட்டன என்பதை ஆண்டறிக்கையில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ளதே. ஆகவே, ‘பெயர் வேண்டாம், கணக்கைக் காட்டு’ என்று கேட்கும் உரிமை தொழிற்சங்கத்திற்கு உண்டு.

நிறுவனங்கள் அமர்த்தும் மனநல ஆலோசகருக்கும் இது பொருந்தும். சம்பளம் கொடுப்பது முதலாளி, மனம் திறப்பது தொழிலாளி. இந்த நிலையில் ஆலோசகரிடம் பேச உட்காரும் முன் ஊழியர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். என்ன எழுதுவீர்கள்? அதை யார் பார்ப்பார்கள்? எந்தச் சூழ்நிலையில் என் சம்மதமின்றி வெளியே சொல்வீர்கள்? தூக்கமின்றித் தவிப்பவர் யார் என்பது மனிதவளத் துறைக்குத் தெரியக் கூடாது. ஒரே பிரிவில் பலர் தூக்கமின்றித் தவிக்கிறார்கள் என்றால், அது வேலை நேரத்தைப் பற்றிய சாட்சியம். அந்தக் கணக்கு வெளியே வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இரகசியத்தைக் காக்கும் உரிமை யாருடையதோ, அதை உடைக்கும் உரிமையும் அவருடையதே. 2024இல் புணேயில் பணிபுரிந்த 26 வயது மகளை இழந்த தாய், பணிச்சுமையே காரணம் என்று நிறுவனத் தலைமைக்குக் கடிதம் எழுதினார். நிறுவனம் அதை மறுத்தது. ஆனால் அந்தக் கடிதம் நாடு முழுவதும் வேலை நேரம் பற்றிய விவாதத்தை எழுப்பியது. பேசுவது என்று குடும்பம் முடிவெடுத்தால் அதன் வாயைப் பொத்த எவருக்கும் உரிமையில்லை.

சட்டம் தருவதும் தராததும்

2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் விவரங்களுக்கு இரகசியக் காப்பு தருகிறது. அவ்வாண்டே நிறைவேறிய எச்ஐவி சட்டம், எழுத்து மூலமான சம்மதமின்றி ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்கிறது.

ஆனால் ஓட்டைகளும் பெரியவை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, சமூகப் பணியாளரிடம் சொன்னதற்கு இல்லை. நீதிமன்றம் அழைத்தால் அவர் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. இந்தக் கடமையால் கருவுற்ற சிறுமிகள் மருத்துவரிடம் போக அஞ்சினார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தகவல் தரும்போது அவளது அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை. கடமையையும் இரகசியத்தையும் ஒருசேரக் காக்க முடியும் என்பதற்கு இது சான்று.

தோழர்கள் செய்ய வேண்டியவை

ஒருவரின் பிரச்சினையைக் கையில் எடுப்பது என்றால் கேட்பது, நிலைமையை மதிப்பிடுவது, அவரோடு சேர்ந்து திட்டமிடுவது, மருத்துவர், வழக்கறிஞர், காவல் துறை, சட்டப்பணி ஆணையம் ஆகியோருடன் இணைப்பது, பின்தொடர்வது, முடிவில் கோப்பை மூடுவது என்று பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் புதிய கை ஒன்று சேர்கிறது. ஒவ்வொரு கையும் கசிவதற்கான ஓர் ஓட்டை.

ஆகவே முதலாவது, பேச்சைத் தொடங்கும் முன்பே எல்லையைச் சொல்லிவிட வேண்டும். “யாரிடமும் சொல்ல மாட்டோம்” என்று சத்தியம் செய்யக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தைக்குக் கொடுமை என்றாலோ சொல்லியாக வேண்டும் என்பதை முதலிலேயே தெரிவிப்பதுதான் நேர்மை.

இரண்டாவது, கோப்பில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஏடு தனியே, பூட்டுக்குள், ஒருவரது பொறுப்பில் இருக்கட்டும். கிளையிலும் குழுவிலும் விவாதிக்கும்போது எண்ணும் பிரச்சினையும் போதும். குழு உறுப்பினர் என்பதாலேயே எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்ற உரிமை எவருக்கும் இல்லை.

மூன்றாவது, புகார் மனுவையும் முதல் தகவல் அறிக்கையையும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் ஒழிய வேண்டும். ஆர்ப்பாட்டப் பதாகையில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரோ படமோ கூடாது. அவர் இறந்துவிட்டாலும் அடையாளத்தைத் தோழர்களோ குடும்பமோ தாமாக முடிவெடுத்து வெளியிட முடியாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நல்லெண்ணம் இதற்கு விலக்கு ஆகாது.

நான்காவது, புணேயில் வாழும் தமிழர்களுக்கென்றே சொல்ல வேண்டியது மொழிபெயர்ப்பு. மராத்தியும் இந்தியும் தெரியாத பெண், காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் இன்னொருவர் வாய் வழியாகப் பேச வேண்டியிருக்கிறது. அந்த வாய் பெரும்பாலும் கணவனுடையது, ஊர்க்காரருடையது, வேலைக்கு அழைத்துவந்த மேஸ்திரியுடையது. இங்கே சொன்ன சொல் மறுநாளே ஊரில் அவள் தாய் வீட்டு வாசலில் நிற்கும். குடும்பத்தோடும் ஊரோடும் தொடர்பில்லாத, இரகசியம் காக்கப் பயிற்சி பெற்ற பெண் தோழர்களை மொழிபெயர்ப்புக்கு அணியமாக்குவது உடனடி வேலை.

தோழர்களே! 1992இல் வாச்சாத்தியில் அரசின் படையே மக்கள் மீது பாய்ந்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பரில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை ஆண்டுகள் அந்த மலைவாழ் பெண்கள் தளராமல் நின்றார்கள் என்றால், தங்களோடு நின்றவர்கள் தங்களைக் கைவிட மாட்டார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். உழைக்கும் மக்களிடம் இயக்கம் சேர்த்துவைத்திருக்கும் பெரிய சொத்து அந்த நம்பிக்கைதான். அலுவலகத்தில் கேட்ட ஒரு சொல்லைத் தேநீர்க் கடையில் உதிர்க்கும் தோழர் அந்தச் சொத்தைத்தான் செலவழிக்கிறார். பெயரைக் காப்போம், குற்றத்தை வெளிச்சத்திற்குக் கொண்டுவருவோம்!