கணிப்பொறியும் வீட்டுத் தமிழும்



கொச்சங்காடியிலிருந்து யூதத் தெருவுக்குச் சிறிது தூரமே நடக்க வேண்டும். தெருக்கோடியில் பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. அதனை ஒட்டி 1760-ஆம் ஆண்டில் எசக்கியேல் ரஹபி என்ற யூத வணிகர் எழுப்பிய கடிகாரக் கோபுரம் நிற்கிறது. மட்டாஞ்சேரிக்கு வரும் வெளியூரார் ஆலயத்தின் உள்ளே பதித்த சீன ஓடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாமோ அவர்களை அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கச் சொல்வது வழக்கம். உள்ளே பொறி ஒன்றுதான். வெளியே முகங்கள் பல. ஒரு முகத்தில் எபிரேய எண்கள், மற்றொன்றில் ரோமானிய எண்கள், இன்னொன்றில் மலையாள எண்கள். மணி பார்க்க வருகிறவன் பொறியின் பாஷையைக் கற்க வேண்டுவதில்லை. பொறிதான் அவனுடைய எழுத்தைத் தன் முகத்தில் எழுதிக்கொண்டு நிற்கிறது.

இதே தெருவில் 1957-இல் மிளகின் முன்பேர வணிகம் தொடங்கிற்று. தரகர்கள் ஒருவரையொருவர் மிஞ்சும் குரலில் விலை கூவுவார்கள். பின்னர் அந்த வணிகம் கணிப்பொறித் திரைக்கு மாறிற்று, கூச்சலும் அடங்கிற்று. பழைய ஓசை போயிற்றே என்று வருந்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணிப்பொறிப் பித்துப் பிடித்த நமக்கு அந்த வருத்தம் அதிகம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாயால் கூவின விலை எழுத்தறியாதவன் காதிலும் விழுந்தது. திரையில் ஓடும் விலையோ அந்தத் திரையின் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே தெரியும். புதிய கருவி ஒன்று வீட்டுக்குள் வரும்போது அது என்னென்ன செய்யும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த எழுத்தில் நம்மோடு பேசும் என்று கேட்பவர் குறைவு.

நமது தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகனோடு வந்து தங்கியவர். தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. கைப்பேசியில் செய்தி வந்த மணி ஒலித்தால் உடனே பெட்டிக்கடைப் பையனிடம் அதை நீட்டுவார். வந்திருப்பது பணம் எடுப்பதற்கான ஒருமுறைக் கடவு எண்ணாகவும் இருக்கலாம் அல்லவா? பையன் நல்லவன். நாளைக்கு அந்தக் கடையில் உட்காரப் போகிறவனும் நல்லவனாக இருப்பான் என்பதற்கு யார் பிணை? நாம் கருவியின் மொழியைத் தமிழாக மாற்றிக் கொடுத்தோம். ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கிக் காட்டும் வழியையும் சொல்லிக் கொடுத்தோம். அந்த மொழிபெயர்ப்புத் தமிழ் சில சமயம் சிரிப்பை உண்டாக்கும். ஆனாலும் வரவு எது, பற்று எது என்று விளங்கிவிடுகிறது. இப்பொழுது அவர் கைப்பேசியை யாரிடமும் நீட்டுவதில்லை. வெளிமாநிலத்தில் வாழும் முதியவருக்குத் தமிழ் முகம் காட்டும் கருவி ஒரு பாதுகாப்பு.

கணிப்பொறிக்குள் தமிழ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஃபோர்ட்டு கொச்சியில் வெளி என்ற பகுதியிலுள்ள சலவைத்துறையில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவரும் தமிழர்களை இவ்வூரார் அறிவர். சலவைக்குப் போடும் துணியின் மூலையில் அழியாத மையால் குறி இடுவது நாடெங்கும் உள்ள வழக்கம். குறியைப் பார்த்தால் துணி யாருடையது என்று தெரிந்துவிடும். அந்தக் குறியின் பொருள் வேறு ஊரில் இருக்கும் சலவைக்காரருக்குத் தெரியாது. கணிப்பொறிக்கும் எழுத்து என்பது இல்லை. எண் என்ற குறி மட்டுமே உண்டு. 1990-களில் தமிழுக்கு எழுத்துரு செய்தவர்கள் பலர். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்ணை ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்தார்கள். ஆகவே சென்னையில் தட்டிய கடிதத்தைக் கொச்சியில் திறந்தால், அதே எழுத்துரு இல்லாதபோது, பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும்.

யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியேட்டில் 1991-ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. அதன்படி தமிழ் அகரத்தின் எண் 2949. மலையாள அகரத்தின் எண் 3333. இரண்டும் ஒரே பக்கத்தில் மோதாமல் நிற்கலாம், கடிகாரக் கோபுரத்தின் முகங்களைப் போல. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.

இந்த வேலைக்கு அடிகோலியவர்களில் பலர் தாய்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் என்பதை வெளிமாநிலத் தமிழர்களாகிய நாம் பெருமையோடு நினைக்கலாம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்ற மென்பொருளை உருவாக்கினார். ‘இணையம்’ என்ற சொல்லும் அவர் தந்ததே என்பர். சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கு. கல்யாணசுந்தரம் 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் யாவரும் இலவசமாகப் பெறச் செய்தார். உள்ளூரில் தமிழ் எங்கும் எழுதியிருக்கும். அதனால் அதைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. கடைப் பலகையிலும் பேருந்திலும் தமிழைக் காணாதவனுக்குத்தான் திரையிலாவது அதைக் காணவேண்டும் என்ற தாகம் உண்டாகிறது போலும்.

ஆனால் நமது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். பாட்டிக்குச் செய்தி அனுப்பும்போது தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். இது வெறும் சௌகரியந்தானே என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். நமக்கு இதில் சிறிதும் உடன்பாடு இல்லை. புளியையும் புலியையும் ஆங்கில எழுத்தில் ஒரே விதமாகத்தான் தட்ட முடியும். பள்ளிக்கும் பல்லிக்கும் வேற்றுமை தெரியாது. மனமும் மணமும் ஒன்றாகிவிடும். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் புளி வாங்கி வரச் சொன்னால் புலியைத் தேடிப் போகும் அளவுக்கு யாரும் மூடர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் பத்து ஆண்டுகள் அவ்வாறு தட்டிய பிள்ளைக்கு ளகரத்தின் வடிவம் மறந்துபோகும். பிறகு அதன் ஒலியும் தடுமாறும். குரலைப் பதிந்து அனுப்புவதிலும் இதே ஆபத்து உண்டு. கண் மங்கிய முதியவர்களுக்கு அது நல்ல துணை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எழுத்தைத் திருடும் சலுகை.

தமிழில் தட்டுவது கடினம் என்பார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து, தமிழ்99 என்ற விசைப்பலகையைத் தமிழக அரசு தர நிலையாக ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறம். ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும்.  பெரியவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது இதைத்தான்.

கேரளத்துப் பள்ளியில் கணிப்பொறி பயிலும் பிள்ளைக்கு வேறொரு குறுக்கு வழி இருக்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. இன்ஸ்கிரிப்ட் என்ற விசைப்பலகை இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக அமைக்கப்பட்டது. மலையாளக் ககரம் இருக்கும் விசையிலேயே தமிழ்க் ககரமும் இருக்கும். ழகரம், றகரம், ளகரம் எல்லாம் அப்படியே. மலையாளம் தட்டப் பழகிய விரல்களுக்குத் தமிழ் ஏற்கெனவே தெரியும். கண்களுக்குத்தான் எழுத்தின் வடிவத்தைக் காட்ட வேண்டும். தமிழ்99 தமிழுக்கே உரியது என்று பிடிவாதம் பிடித்துப் பிள்ளையை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் செய்வது நமது அபிப்பிராயத்தில் வீண் வேலை. மொழியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பாட்டிக்கு ஒரு வரி எழுதச் சொன்னால் போதும். பதில் கட்டாயம் வரும்; பாட்டிகள் பதில் எழுதாமல் இருப்பதில்லை.

மற்றொரு காரியம் பெரியவர்கள் செய்ய வேண்டியது. கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டில் ஒரு ஜெப ஆலயம் கட்டப்பட்டது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் பரதேசி ஆலயத்தின் முற்றத்தில் இருக்கிறது. எபிரேயம் படித்தவர் எவரும் இன்றும் அதை வாசிக்கலாம். நாம் 1998-இல் கணிப்பொறியில் எழுதிவைத்த குடும்பக் கடிதங்களும், கலியாண வரவு செலவுக் கணக்குகளும், தமிழ்ச் சங்கத்து அறிக்கைகளும் முப்பது ஆண்டு ஆவதற்குள்ளேயே வாசிக்க முடியாதவையாகிவிட்டன. எழுத்து அழியவில்லை, குறி மறந்துபோயிற்று. பழைய குறியேடுகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் எந்த எழுத்துருவில் தட்டினோம் என்ற பெயரை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெயர் வீட்டில் யாரேனும் ஒருவருக்குத்தான் நினைவிருக்கும். பழைய தட்டுகள் பரணில் கிடக்குமானால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கி, அவரை அருகில் அமர்த்திக்கொண்டு கேளுங்கள்.