இறந்த குழந்தையின் பெயர்

யூஜின் ஓநீலின் 'இரவை நோக்கிய நீண்ட பகற் பயணம்' என்ற அமெரிக்க நாடகத்தில் மேடைக்கு வராத பாத்திரம் ஒன்றுண்டு. சின்னமுத்து கண்டு இறந்துபோன ஒரு குழந்தை.

கதை 1912 ஆகஸ்டில் ஒரு காலையில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. தந்தை டைரோன் பெயர்பெற்ற நடிகர். மூத்தவன் ஜேமி குடிகாரன். இளையவன் எட்மண்டுக்குச் சயரோகம் என்பது அன்றுதான் உறுதியாகிறது. அன்றே தாய் மேரி, விட்டிருந்த மோர்பீனை மீண்டும் நாடுகிறாள்.

யாரைக் குற்றம் சொல்வது? எட்மண்டைப் பெற்றபின் வந்த வேதனைக்கு மலிவான வைத்தியர் ஒருவர் மோர்பீன் கொடுத்தார். அவரைப் பிடித்தது கணவனின் கஞ்சத்தனம். அவரையும் வைதுவிட முடியவில்லை. அவருடைய தந்தை குடும்பத்தைக் கைவிட்டு அயர்லாந்துக்குத் திரும்பி, எலிப்பாஷாணம் தின்று இறந்தவர். தவறுதலாகத் தின்றாரா என்பது ஊர்ச் சந்தேகம். பத்து வயதில் டைரோன் வாரத்துக்கு ஐம்பது சதத்துக்குத் தொழிற்கூடத்தில் நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைத்தார். இதை மகனிடம் சொல்லி முடித்ததும் எழுந்து மின்குமிழ்களை ஒவ்வொன்றாக அணைக்கிறார். கஞ்சத்தனத்தை இவ்வளவு இரக்கத்தோடு காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குழந்தையைத் தாயாரிடம் விட்டுக் கணவனின் நாடகப் பயணத்தோடு போனதால் அது இறந்தது என்று மேரி தன்னையே வதைக்கிறாள். நோயோடு அதன் அறைக்குள் போன ஏழு வயது ஜேமியையும் அவள் மன்னிக்கவில்லை. இழந்த பிள்ளைக்கு ஈடாகப் பிறந்தவன்தான் எட்மண்ட்.

ஓநீலின் சொந்தக் குடும்பமே இது. சிறு வயதில் இறந்த அவருடைய அண்ணனின் உண்மைப் பெயர் எட்மண்ட். நாடகத்தில் இறந்த குழந்தைக்கு யூஜின் என்ற தம் பெயரை வைத்து, அதன் பெயரைத் தாம் எடுத்துக்கொண்டார். தாம் பிறவாமல் அவன் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த மாற்றத்தில் ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1941இல் எழுதி முடித்த இதைத் தாம் இறந்து 25 ஆண்டுகள் வரை வெளியிடக் கூடாது என்றார். 1953இல் இறந்தார், மனைவி கார்லொட்டா 1956இலேயே வெளிவரச் செய்தார். பெற்றோரை எழுத்தில் மன்னித்தவர், 1943இல் சார்லி சப்ளினை மணந்த மகள் ஊனாவின் முகத்தில் அதன்பின் விழிக்கவில்லை. மூத்த மகன் 1950இலும், இளையவன் ஷேன் 1977இலும் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். மூத்தவனின் பெயரும் யூஜின்.

மேரியின் தந்தையைக் கொன்றதும் சயரோகமே. இறுதிக் காட்சியில், பழைய திருமண உடையோடு மயக்கத்தில் வரும் அவளின் கையைப் பிடித்து, தனக்கு வந்திருப்பது வெறும் தடிமன் இல்லை, அந்த நோய்தான் என்கிறான் எட்மண்ட். ஒரு கணம் அவளுக்குக் கேட்டதுபோல் இருக்கிறது. பிறகு கையை விடுவித்துக்கொள்கிறாள்.