வாத்து வாய் திறந்து மூச்சு வாங்கினால்



"டாக்டர், எங்க வாத்துக்குச் சளி பிடிச்சிருக்கு. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குது. மருந்துக் கடையில கோழிக்குக் குடுக்கிற ஆன்டிபயாடிக்னு ஒண்ணு குடுத்தாங்க. தண்ணியில கலந்து மூணு நாளா வெக்கிறோம், கேக்கவே இல்ல." வீட்டில் ஆசைக்காக வாத்து வளர்ப்பவர்கள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த மூன்று நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். வாத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்கள் பல நேரம் அந்த மூன்றுதான்.

மூச்சுத் திணறல் ஒரு நோயின் பெயர் அல்ல. பூஞ்சை, புழு, பாக்டீரியா, கூண்டில் தேங்கிய அம்மோனியா, ரத்தச் சோகை, சித்திரை வெயில் என்று எது வந்தாலும் வாத்து நமக்குக் காட்டுவது அதே திறந்த வாயைத்தான். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்தைத் தொடங்குவதில் அர்த்தம் இல்லை.

முதலில், நோயே இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். வாத்துக்கு வேர்க்காது. உச்சி வெயிலில் வாயைத் திறந்து, தொண்டை படபடக்க நின்றால் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நிழலும் தண்ணீரும் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் வாய் மூடிவிடும். அதிகாலைக் குளிர்ச்சியிலும் வாய் திறந்திருந்தால்தான் கவலை. இன்னொன்று குரல். இரண்டு மாத வயதை ஒட்டி ஆண் வாத்தின் குரல் உடைந்து கம்மிப்போகும். அதன் குரல் பெட்டியில் ஒரு பக்கம் குமிழ் போன்ற எலும்பு அறை இருக்கிறது. பெட்டையைப் போல அதனால் உரக்கக் கத்த முடியாது. தொண்டை கட்டிவிட்டது என்று பயந்து அதற்கு மருந்து கொடுப்பவர்கள் உண்டு. மணிலா வாத்தில் ஆண் எப்போதுமே சீறல் ஒலிதான் எழுப்பும். ஆனால் நேற்று வரை கணீரென்று கத்திய பெட்டைக்கு இன்று குரல் கம்மினால், அதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

வாத்தை எப்படித் தூக்குவது என்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் பறவைகளுக்குக் கிடையாது. வாத்தின் நுரையீரல் முதுகுப்புற விலா எலும்புகளோடு ஒட்டிக் கிடக்கிறது; அது விரிந்து சுருங்குவதே இல்லை. கழுத்தடியிலிருந்து வயிறு வரை பரவிய ஒன்பது காற்றுப்பைகள்தான் கொல்லன் துருத்தி போல வேலை செய்து நுரையீரல் வழியாகக் காற்றைத் தள்ளுகின்றன. அவற்றை இயக்குவது நெஞ்செலும்பின் ஏற்ற இறக்கம். அதனால், தவிக்கும் வாத்தைப் பாசத்தோடு மார்பில் இறுக்கி அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தால், வழியிலேயே அதற்கு மூச்சு நின்றுவிடலாம். இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்து, அடியில் கை கொடுத்துத் தாங்குங்கள், நெஞ்சை அழுத்தாதீர்கள். பக்கங்களில் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் பழைய துண்டு விரித்துக் கொண்டுவருவது இன்னும் நல்லது.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். தூரத்தில் நின்று வாலைக் கவனியுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினால், மூச்சுக்காக உடம்பு முழுதும் பாடுபடுகிறது என்று பொருள். மூக்கைப் பாருங்கள். வாத்தின் மூக்குத் துளைகள் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும்படி இருக்கும். அது அடைபட்டிருக்கிறதா? கண்ணுக்குக் கீழே புடைத்திருக்கிறதா, கண்ணோரம் நுரை இருக்கிறதா? நெஞ்செலும்பின் முனையைத் தடவுங்கள். இருபுறமும் சதை வற்றி எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் நோய் நேற்று வந்தது அல்ல. கடைசியாக, தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை அந்த எடைதான் முடிவு செய்யும்.

இனி பூஞ்சை. வீட்டு வாத்துகளைக் கொல்வதில் என் கணக்கில் இதற்குத்தான் முதலிடம், நாம் மிகக் குறைவாகச் சந்தேகப்படுவதும் இதைத்தான். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை, நனைந்து காய்ந்த வைக்கோலிலும் ஈர உமியிலும் மரத்தூளிலும் தீவன மூட்டையின் அடியிலும் வளர்கிறது. ஐப்பசி அடைமழையில் நனைந்த வைக்கோலை உதறிக் காயவைத்து, பஞ்சு போல மெத்தென்று கூண்டில் பரப்புகிறோம். உதறும்போது நம் மூக்கில் ஏறி நெடியடிக்கிறதே, அந்தத் தூசியில்தான் அதன் வித்துகள் இருக்கின்றன. வாத்து அதன் மேலேயே படுத்து இரவெல்லாம் அதைச் சுவாசிக்கிறது. குஞ்சுகள் ஓரிரு நாளில் கொத்தாகச் செத்துப்போகும். பெரிய வாத்தில் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். இளைக்கும், கொஞ்சம் ஓடினால் நின்று வாய் திறக்கும். பாக்டீரியா தொற்றில் கொர் கொர் என்று சளிச் சத்தம் கேட்பதுண்டு. பூஞ்சையில் பெரும்பாலும் சத்தமே இருக்காது, வாய் மட்டும் திறந்து மூடும். இந்த வேறுபாட்டைக் காதால் கேட்டே ஓரளவு பிடித்துவிடலாம்.

இப்போது அந்த ஆன்டிபயாடிக்குக்கு வருவோம். பூஞ்சையை அது தொடாது. பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழிப்பதால் நிலைமை மோசமாகவும் கூடும். இதற்கு வேண்டியது இட்ராகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து. காற்றுப்பைகளில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு, வாய்வழி மருந்து அங்கே எளிதில் போய்ச் சேராது. அதனால் நெபுலைசர் மூலம் புகையாகவும் கொடுக்கிறோம், வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில். முற்றிய பிறகு வந்தால் பிழைப்பது அரிது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பூசணம் பிடித்த தீவனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இனம் தெரியாத நோயில் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நஞ்சு தாக்குவது ஈரலை. வாத்துக் குஞ்சு அதற்கு எளிதில் பலியாவதால், அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே ஆய்வகங்களில் வாத்துக் குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். மாட்டுக்கு ஊறவைத்து மிஞ்சிய, வாடையடிக்கும் புண்ணாக்கை வாத்துக்குப் போடும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பாக்டீரியா தொற்று இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கண்ணடி வீங்கி, மூக்கு ஒழுகி, தும்மும் வாத்துக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எந்த மருந்து என்பதை மூக்குச் சளியைப் பரிசோதித்து முடிவு செய்ய வேண்டும். அத்தோடு, தலை முழுதும் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தலையை முக்கித்தான் வாத்து தன் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்கிறது; தட்டையான கிண்ணத்தில் அது முடியாது. காலையில் கூண்டைத் திறந்ததும் குனிந்து, வாத்தின் தலை இருக்கும் உயரத்தில் உங்கள் முகத்தை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் இரவு முழுதும் வாத்துக்கும் அதே எரிச்சல்தான். சமையலறையிலோ கொசுவர்த்தி எரியும் அறையிலோ குஞ்சுகளை அடைத்து வைப்பதும் வேண்டாம்.

அடுத்து புழு. குடலில் இருக்கும் புழு எல்லோருக்கும் தெரியும். மூச்சுக்குழாயில் வாழும் புழுவும் இருக்கிறது. கோழிக்கும் வான்கோழிக்கும் வரும் சிவந்த உருளைப்புழுவில் ஆணும் பெண்ணும் பிரியாமல் ஒட்டியே கிடப்பதால் கவட்டைக் கம்பு வடிவில் தெரியும். வாத்துக்கு வருவது அதன் நெருங்கிய இனம். அதில் ஆணும் பெண்ணும் தனித்தனியாகவும் இருக்கும். ரத்தத்தை உறிஞ்சி, குழாயை அடைத்துக்கொள்ளும். வாத்து கழுத்தை நீட்டித் தலையை வெடுக்கென்று உதறும், இருமும். இருமும்போது மேலே வரும் முட்டைகளை விழுங்கிவிடும். அவை எச்சத்தோடு மண்ணுக்குப் போகும். அங்கே மண்புழு அந்த இளம்புழுக்களைத் தன்னுள் வைத்திருக்கும். மழை பெய்த மறுநாள் வாத்துக்கு மண்புழுதானே விருந்து? தட்டைப்புழு ஒன்றும் மூச்சுக்குழாய்க்கு வரும். நத்தை மண்டிய குளத்தில் மேயும் வாத்துக்கு நத்தை வழியாகவே அது தொற்றுகிறது.

கண்டுபிடிப்பதற்கு எச்சம்தான் சாட்சி. மூன்று நாள் எச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து, ஃபிரிஜ்ஜில் தனியாக வைத்துக் கொண்டுவாருங்கள். உப்புக் கரைசலில் கலக்கினால் உருளைப்புழுவின் முட்டைகள் மேலே மிதக்கும். தட்டைப்புழுவின் முட்டை கனமானது, அடியில் தங்கும் வண்டலில்தான் தேட வேண்டும். எச்சப் பரிசோதனை என்று மட்டும் சொல்லாமல், "நத்தை தின்கிற வாத்து" என்று சேர்த்துச் சொன்னால் ஆய்வகத்தில் இரண்டையும் பார்ப்பார்கள். முட்டை தெரியவில்லை என்பதற்காகப் புழுவே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. வளர்ந்து முட்டையிடும் முன்பே இளம்புழு தொல்லை கொடுக்கும்.

உருளைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல், லெவாமிசோல். தட்டைப்புழுவுக்கு அவை போதாது, பிராசிகுவான்டெல் வேண்டும். மூச்சுக்குழாய்ப் புழுவுக்கு ஒரே வேளை மருந்து பெரும்பாலும் பற்றாது, சில நாட்கள் தொடர வேண்டும். நலிந்த வாத்தில் புழுக்கள் மொத்தமாகச் செத்துக் குழாயை அடைக்கும் ஆபத்தும் இருப்பதால், இதை மருத்துவர் பார்வையில் செய்யுங்கள். ஆட்டுக்கு வாங்கிய புழு மருந்தைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

எந்த மருந்தானாலும் அலகைப் பிளந்து தொண்டையில் ஊற்றுவது கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். விருப்பமான கீரைத் துணுக்கிலோ பிசைந்த தீவனத்திலோ வைத்துக் கொடுங்கள்.

வெளி ஒட்டுண்ணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறகுப் பேன் வாத்தை அரிக்கும், அதனால் மூச்சுத் திணறாது. குளிக்கத் தண்ணீர் இருந்தால் வாத்தே பாதியைச் சமாளித்துக்கொள்ளும். ஆபத்தானது சிவப்பு உண்ணி. பகலில் கூண்டின் பலகை இடுக்கில் ஒளிந்துகொண்டு, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். நாக்கு வெளுத்து, ரத்தம் குறைந்து, வாத்து மூச்சு வாங்கும்போது நெஞ்சில் ஒரு கோளாறும் இருக்காது. இரவு டார்ச் அடித்து இடுக்குகளைப் பாருங்கள். கரப்பான் பூச்சி மருந்தை வாத்தின் மேல் அடித்துவிடாதீர்கள்.

முட்டை சாப்பிடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இதுவரை சொன்ன மருந்துகள் முட்டையில் இறங்கும். எத்தனை நாள் முட்டையைத் தவிர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்கும் கால்நடைக்கும் பயன்படுத்தக் கூடாது என்று 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தாலும் தொடாதீர்கள்.

பல வாத்துகள் ஒரே நேரத்தில் சோர்ந்து, கழுத்து திருகி, திடீரென்று சாகத் தொடங்கினால் அது வேறு விஷயம். கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் 2014-இலும், மறுபடி 2024 ஏப்ரலிலும் பறவைக் காய்ச்சல் வாத்துகளைத் தாக்கியது. அறிகுறி இல்லாமலே அந்தக் கிருமியைச் சுமக்கும் வாத்துகளும் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் எதையும் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள், அவர்கள் வருவார்கள்.

இருப்பதில் ஒன்று மட்டும் மூச்சுத் திணறி இறந்துபோனால், மனம் கேட்காது, உடனே மரத்தடியில் புதைத்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அவர் கொண்டுவரச் சொன்னால், கையுறை போட்டு, இரண்டு பைகளுக்குள் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து அன்றைக்கே எடுத்து வாருங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் திசு சிதைந்துவிடும். அறுத்துப் பார்த்தால், காற்றுப்பையில் பச்சைப் படலம் பூத்திருக்கிறதா, மூச்சுக்குழாயில் புழு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் வாத்துக்கு எந்த மருந்து, கூண்டில் எதை மாற்றுவது என்பதை அன்று மாலையே முடிவு செய்துவிடலாம்.