அரிவாள் போன பிறகு



நினைவுச் சொற்பொழிவைப் பெரிய தத்துவத்தில் தொடங்குவது வழக்கம். நாங்கள் ஏலாக்குறிச்சியில், கொள்ளிடக் கரை வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்திலிருந்து தொடங்குகிறோம். அடைக்கல மாதா கோயிலாலும் வீரமாமுனிவராலும் வெளியூர்க்காரர்கள் அறிந்த ஊர் இது. நமக்கோ, சேரிப் பெண்கள் நட்டு, களையெடுத்து, அறுத்த ஊர்.

அன்று அறுவடைக் கூலி நெல்லாக வந்தது. அறுத்து, கட்டுக் கட்டித் தூக்கி, களத்தில் அடித்துத் தூற்றினால் மரக்கால் கணக்கில் அளந்து போடுவார்கள். சில மாதச் சோறு அதுதான். இன்று பெல்ட் வண்டி மணிக்கணக்கு வாடகைக்கு வருகிறது. பல பேர் பல நாள் செய்த வேலை ஒரு பொழுதில் முடிகிறது. அந்த வாடகை எங்கே போகிறது? வண்டிக்காரருக்கு, தரகருக்கு, டீசலுக்கு, உதிரிபாகக் கடைக்கு, கடன் கொடுத்த வங்கிக்கு. ஊருக்குள் சுற்றிய நெல் பணமாகி டவுனுக்குப் போகிறது. அதன் பின்னாலேயே நம் பிள்ளைகளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஊரில் தங்கிவிட்ட தாய்க்கு அரசின் ஊரக வேலைத் திட்டம்தான் மிச்சம். நகர வருமானம், கிராம வருமானம் என்று வகுப்பில் படிக்கிறீர்களே, அந்த இடைவெளி இங்கே ஒரே குடும்பத்துக்குள் கிடக்கிறது.

இயந்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குனிந்தே இடுப்பு ஒடிந்தவர்கள் நம் அம்மாக்கள். நடவைக் கவிதையாக்குகிறவர்கள் ஒரு நாள் சேற்றில் இறங்கிப் பார்க்கட்டும். ஆண்டை முன் கைகட்டி நின்ற நிலை தளர்ந்ததில் வெளியூர் வேலைக்கும் பங்குண்டு.

ஆனால் கூலியோடு இன்னொன்றும் போனது. கதிர் முற்றி நிற்கும்போது நாம் வேலையை நிறுத்தினால் பண்ணையார் பேச வந்தே ஆகவேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னால் இருந்தது கூலிப் போராட்டம். அறுவடைக்கு வெளியாட்களை இறக்கியதும் அந்தப் பூசலில் உண்டு. இன்று வெளியாளும் வேண்டாம், தரகருக்கு ஒரு போன் போதும்.

வேளாண் கருவிகளுக்கு அரசு மானியம் தருகிறது. பட்டியல் சாதிச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதலாகவே தருகிறது. ஆனால் அதற்குப் பட்டா வேண்டும். 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்று உங்கள் ஊர்களில் கேட்டுப் பாருங்கள். நிலமில்லாதவருக்கு இயந்திரத்தால் வேலை போகிறது, மானியம் வருவதில்லை.

நிலமற்ற பெண்களின் குழு பெயரில் அறுவடை வண்டி, ஓட்டவும் பழுது பார்க்கவும் நம் பெண்களுக்கே பயிற்சி, பஞ்சமி நிலக் கணக்கு. இந்த மூன்றையும் அடுத்த கிராமசபையில் தீர்மானமாக வைக்கப் போகிறோம். மாணவத் தோழர்கள் அதற்கு முன்பே வந்து, பழைய நிலப் பதிவேடுகளைத் தேடி எடுக்க எங்களோடு உட்காருங்கள்.