கேட்டதற்கு விடை: முதுகலைத் தேர்வுக் கட்டுரைகள்



நன்கு படித்த மாணவரும் முதுகலைத் தேர்வில் மதிப்பெண் இழப்பதுண்டு. அறிந்ததனைத்தையும் எழுதிக் கேட்டதை விட்டுவிடுவதே அதற்கு முதற்காரணம்.

'தொல்காப்பியத் திணைக் கோட்பாட்டை ஐங்குறுநூறு எந்த அளவுக்குப் பின்பற்றுகிறது? மதிப்பிடுக' என்றொரு வினாவைக் கொள்வோம். முதல், கரு, உரி ஆகியவற்றின் விளக்கம் மூன்று பக்கம் ஓடும். புலவர் ஐவரின் பெயர்கள் தொடரும். செய்திகள் யாவும் சரியே. ஆயினும் 'எந்த அளவுக்கு' என்பதற்கு விடை வரவில்லை.

முதற்பத்தியிலேயே நம் முடிவைக் கூறிவிட வேண்டும். 'பகுப்பில் பின்பற்றுகிறது, வைப்புமுறையில் வேறுபடுகிறது' என்னும் ஒரு வரி போதும். திணைக்கு நூறாக 500 பாடல்கள் அமைந்தமை பகுப்புக்குச் சான்று. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என வரிசைப்படுத்த, இந்நூல் மருதத்தில் தொடங்கி முல்லையில் முடிவது வேறுபாட்டுக்குச் சான்று.

இங்கே ஒரு தடை எழும். வரிசை, தொகுத்த கூடலூர் கிழாரின் செயலாகலாம். பாடிய புலவர்க்கு அதில் பங்கென்ன? இத்தடையை நாமே எழுப்பி, பாடல்களின் உள்ளே சென்று சான்று தேட வேண்டும். அங்கும் விழிப்பு வேண்டும். உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்று தொல்காப்பியமே இடந்தருகிறது. ஆகவே, கருப்பொருள் மயங்கிய பாடலைக் கண்டவுடன் அதனை விதிமீறல் என்று எழுதுதல் பொருந்தாது. இவ்வாறு எடைபோடுவதையே 'மதிப்பிடுக' என்னும் சொல் கேட்கிறது.

அடுத்தது நேரம். மூன்று மணி நேரத்தில் சம மதிப்பெண்ணுள்ள நான்கு வினாக்கள் எனில், ஒன்றுக்கு 45 நிமிடம். திட்டமிட 5, எழுத 35, சரிபார்க்க 5 எனப் பிரித்துக்கொள்ளலாம். விருப்பமான வினாவுக்கு 80 நிமிடம் செலவிட்டால் மற்றொரு வினாவுக்குப் பத்தே நிமிடம் எஞ்சும். முதல் விடையில் கூடும் ஓரிரு மதிப்பெண் அவ்விழப்பை ஈடுசெய்யாது.

மூன்றாவது மேற்கோள். அடி முழுமையாக நினைவில் இல்லையெனில் கருத்தை நம் சொற்களில் தருவதே நேர்மை. அறிஞரிடையே கருத்து வேறுபாடுள்ள காலக்கணிப்பை முடிந்த முடிபாக எழுதுவதும் தவிர்க்கத்தக்கது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்தின் எண்ணிக்கைக்குப் பாராட்டு வழங்கினால், மாணவர் பக்கங்களையே நிரப்புவர். வகுப்பில் வாரம் ஒரு வினாவைக் கொடுத்து, விடையின் முதற்பத்தியை மட்டும் எழுதச் செய்வோம். அதில் முடிவு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். இப்பழக்கம் ஆய்வேட்டிலும் துணைநிற்கும்.